ஐந்து நாள் மௌனம்: கோலாலம்பூர்த் தமிழ்ப்பள்ளி ஒன்றில் டிபி பதற்றம்

கோலாலம்பூரில் ஒரு தமிழ்ப்பள்ளி. அங்கே பிள்ளைகளோடு அன்றாடம் பழகிய பெரியவர் ஒருவருக்கு நுரையீரல் காசநோய் (டிபி) இருப்பது சளிப் பரிசோதனையில் உறுதியானது. அந்தச் செய்தி வெளியே வந்த விதம், பெற்றோரிடம் கிளம்பிய பதற்றம், சுகாதார அலுவலகம் நடத்திய சோதனை, அதற்குப் பிந்திய சில மாதங்கள் ஆகியவற்றை இங்கே எழுதுகிறேன். பள்ளியின் பெயர், வட்டாரம், ஆண்டு எதையும் சொல்லப்போவதில்லை. நோயுற்றவர் யார் என்பதையும் சொல்லப்போவதில்லை. பிள்ளைகளின் எண்ணிக்கையைக்கூடத் தவிர்க்கிறேன்; நம் பள்ளிகள் பல மிகச் சிறியவை, எண்ணிக்கையை வைத்தே எந்தப் பள்ளி என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

நான் அரசாங்க கிளினிக்கில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினர் கூப்பிட்டதால் இந்த விவகாரத்தில் கூடவே இருந்தேன்.

நான் கண்டதைச் சுருக்கமாக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பள்ளியில் தொற்றுநோய் என்றால் இரண்டு தகவல்கள் இருக்கின்றன. யாருக்கு நோய் என்பது ஒன்று. அது நோயாளிக்கும் மருத்துவருக்கும் உரியது, வெளியே போகக் கூடாது. எந்தப் பிள்ளைகள் அந்தக் காற்றைப் பகிர்ந்துகொண்டார்கள் என்பது இன்னொன்று. அது பெற்றோருக்கு உரியது, அன்றைக்கே போய்ச் சேர வேண்டும். இந்தப் பள்ளி இரண்டையும் ஒன்றாக நினைத்து இரண்டையும் மறைத்தது. பதற்றம் அங்கேதான் பிறந்தது. பெற்றோருக்கு அறிவு போதாததால்தான் பதறினார்கள் என்று அப்புறம் பலர் சொன்னார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

வெள்ளி முதல் புதன் வரை

காசநோய் நம் நாட்டில் கட்டாயமாக அறிவிக்க வேண்டிய நோய். 1988-ஆம் ஆண்டுத் தொற்றுநோய்த் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம், அதாவது எல்லாரும் மலாயில் அக்தா 342 என்று சொல்லும் சட்டம், அப்படித்தான் சொல்கிறது. மருத்துவர் கண்டுபிடித்தால் சுகாதார அலுவலகத்துக்கு எழுதியாக வேண்டும். இங்கே வியாழக்கிழமை முடிவு வந்தது. வெள்ளிக்கிழமை காலை சுகாதார அலுவலகத்திலிருந்து பள்ளிக்குப் போன் வந்துவிட்டது. அவர்கள் கேட்டது மூன்றே மூன்று: இவர் எந்தெந்தப் பிள்ளைகளோடு இருந்தார், எந்த அறையில், வாரத்துக்கு எத்தனை மணி நேரம். அலுவலகத்தில் வருகைப் பதிவேட்டை நகல் எடுத்தார்கள். நகல் எடுக்கும்போது பக்கத்தில் ஆள் இருந்தார்கள். பள்ளி அலுவலகத்தில் ரகசியம் எவ்வளவு நேரம் தங்கும்?

அன்று இரவே மூன்றாம் ஆண்டுப் பெற்றோரின் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் ஒரு குரல்பதிவு வந்தது. பதற்றமான பெண் குரல். "நம்ம ஸ்கூல்ல டிபியாம், எத்தனை பிள்ளைங்களுக்கு வந்திருக்குன்னு தெரியல, எச்.எம். வாயே தொறக்க மாட்றாங்க, திங்கக்கிழமை யாரும் அனுப்பாதீங்க." அந்தப் பதிவில் ஒரு பெரிய தவறு இருக்கிறது. பிள்ளை ஒருவருக்கும் நோய் வரவில்லை. பெரியவர் ஒருவருக்குத்தான். ஆனால் அதைத் திருத்தும் இடத்தில் இருந்தவர்கள் பேசவில்லை. சனிக்கிழமை காலைக்குள் கிள்ளானிலும் காஜாங்கிலும் இருக்கும் சொந்தக்காரர்கள் போன் போட்டு விசாரிக்கத் தொடங்கிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் இதே பேச்சு.

ஞாயிறு மாலை பள்ளியிலிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. ஆதாரமற்ற தகவல்களைப் பரப்ப வேண்டாம், மீறினால் 1998-ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டம் 233-ஆம் பிரிவின் கீழ் நடவடிக்கை எடுக்க நேரிடும். அவ்வளவுதான். டிபி என்ற சொல்லே அதில் இல்லை. ஒரு தகப்பனார் உடனே எழுதினார்: "இல்லைன்னு சொல்லலை, பாத்தீங்களா?" அவர் படித்தது சரியான படிப்பு. பயந்துபோன பெற்றோரிடம் சட்டப் பிரிவை நீட்டினால், விஷயம் பெரியதாகத்தான் இருக்கும் என்றே யாரும் நினைப்பார்கள்.

திங்கட்கிழமை வகுப்புகளில் பாதி நாற்காலி காலி. செவ்வாய்க்கிழமை வாசலில் கூடிய தாய்மார்களிடம், சுகாதார அலுவலகம் பார்த்துக்கொள்கிறது, கவலை வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். புதன்கிழமைதான் கடிதம் வந்தது. மலாய் மொழியில் ஒரு பக்கம். நெருங்கிய தொடர்பில் இருந்த மாணவர்கள் பரிசோதிக்கப்படுவார்கள் என்று இருந்தது. எந்த வகுப்பு என்று இல்லை. எந்தத் தேதி என்றும் இல்லை.

தலைமையாசிரியருக்கு இதில் கெட்ட எண்ணம் எதுவும் இருந்ததாக நான் நினைக்கவில்லை. நோயுற்றவரைக் காப்பாற்ற வேண்டும் என்று அவர் உண்மையாகவே தவித்தார். கல்வி இலாகாவின் அனுமதி இல்லாமல் எதையும் எழுத முடியாது என்ற அச்சமும் இருந்தது. ஏற்கெனவே மாணவர் எண்ணிக்கை குறைந்துகொண்டே வரும் பள்ளி; இந்தப் பேச்சு பரவினால் அடுத்த ஆண்டு முதலாம் வகுப்புக்கு யார் வருவார்கள் என்ற கவலையை அவர் என்னிடம் மறைக்கவில்லை. தமிழ்ப்பள்ளிகளோடு பழகிய எவருக்கும் அந்தக் கவலையின் கனம் தெரியும். ஆனால் வெள்ளிக்கிழமை மதியம் ஆறு வரி எழுதியிருந்தால் அந்த எண்ணிக்கையும் காப்பாற்றப்பட்டிருக்கும். அந்த ஆறு வரியைப் பின்னால் தருகிறேன்.

பெற்றோர் கேட்டவை

பள்ளியை இரண்டு வாரம் மூட வேண்டும் என்பது முதல் கோரிக்கை. எல்லா அறைகளிலும் புகை அடிக்க வேண்டும் என்பது அடுத்தது. ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் இல்லை என்று ஒரு தாள் வேண்டும் என்று மூன்றாவதாகக் கேட்டார்கள்.

இவற்றைக் கேட்டுச் சிரித்தவர்கள் உண்டு. நான் அதைக் கண்டிக்கிறேன். இந்தக் கோரிக்கைகள் ஒவ்வொன்றும் நம் மக்கள் நேரில் அனுபவித்த ஒன்றிலிருந்து வந்தவை. 2020 மார்ச் 18-இல் கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியபோது பள்ளிகள் மூடின, மருந்து தெளித்தார்கள், தாள் இருந்தால்தான் உள்ளே விட்டார்கள். டிங்கி (டெங்கு) வந்தால் அடுக்குமாடியில் புகை அடிக்கிறார்கள். கைகால் வாய்ப்புண் நோய் வந்தால் பாலர் பள்ளியை மூடிக் கழுவுகிறார்கள். அரசாங்கமே செய்து காட்டியதைத்தான் பெற்றோர் திருப்பிக் கேட்டார்கள். ஒரு நோய்க்குச் செய்வது இன்னொரு நோய்க்கு ஏன் பொருந்தாது என்பதை அவர்களிடம் யாரும் உட்கார்ந்து பேசியதில்லை.

காசநோய்க் கிருமி காற்றில் பரவுவது. நுரையீரலில் நோய் முற்றியவர் இருமும்போதும் பேசும்போதும் பாடும்போதும் மிக நுண்ணிய துளிகள் வெளியே வந்து அறையின் காற்றிலேயே மணிக்கணக்கில் மிதக்கும். அந்தக் காற்றைத் திரும்பத் திரும்ப, பல நாள், பல மணி நேரம் சுவாசித்தவர்களுக்குத்தான் தொற்ற வாய்ப்பு அதிகம். மேசை, புத்தகம், தட்டு, கதவுக் கைப்பிடி வழியாகப் பரவாது. தாழ்வாரத்தில் எதிரே நடந்து போனதற்காகப் பயப்பட வேண்டியதில்லை. நோயுற்றவர் விடுப்பில் போய் மருந்து தொடங்கிவிட்டால் பள்ளிக்குள் அந்த ஊற்று நின்றுவிட்டது. அதற்கப்புறம் பள்ளியை மூடினால், பிள்ளைகளைச் சோதிக்க வேண்டிய நேரத்தில் பிள்ளைகள் இருக்க மாட்டார்கள். மூடக் கூடாது என்று மருத்துவர்கள் உறுதியாக நின்றதற்கு இதுதான் காரணம்.

புகையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது கொசுவைக் கொல்லுமே தவிர இந்தக் கிருமியை ஒன்றும் செய்யாது. ஆனாலும் பெற்றோரைச் சமாதானப்படுத்தப் பள்ளி நிர்வாகம் இரண்டு நாள் ஆட்களை வைத்துத் தரையையும் மேசையையும் குளோரோக்ஸ் என்ற கிருமிநாசினி போட்டுத் துடைத்தது. படம் எடுத்துப் புலனத்தில் போட்டார்கள். அந்த இரண்டு நாளும் வீண் என்பது என் கருத்து. வீண் மட்டுமில்லை, தட்டுமுட்டுச் சாமான்களில்தான் ஆபத்து இருக்கிறது என்ற எண்ணத்தைப் பள்ளியே உறுதிப்படுத்திவிட்டது.

உண்மையில் பார்க்க வேண்டியது அந்த அறையைத்தான். நோயுற்றவர் பிள்ளைகளோடு நெடுநேரம் இருந்த மாலை நேர வகுப்பு அறை அது. பழைய கட்டடம், இரண்டு பக்கமும் வரிசை வரிசையாகக் கண்ணாடிப் பட்டைகள் வைத்த சன்னல்கள். கைப்பிடியை இழுத்தால் பட்டைகள் திறந்து காற்று ஓடும். நம் நாட்டுப் பழைய பள்ளிகளில் எல்லாம் பார்த்திருப்பீர்கள். சில ஆண்டுகளுக்கு முன் நன்கொடை திரட்டி அந்த அறைக்குக் குளிர்சாதனம் போட்டார்கள். குளிர் வெளியே போகாமலிருக்கப் பட்டைகளை மூடி, இடுக்குகளில் ஒட்டுநாடா ஒட்டி, தடித்த திரையும் தொங்கவிட்டார்கள். நான் போய்ப் பார்த்தபோது ஒட்டுநாடா காய்ந்து, பட்டைகளைப் பிடிக்கும் சட்டம் துருப்பிடித்து, அவை அசையவே இல்லை. சுவரில் மாட்டும் அந்த மாதிரிக் குளிர்சாதனம் வெளிக்காற்றை உள்ளே கொண்டுவராது. அறையில் இருக்கும் காற்றையே இழுத்துக் குளிரவைத்துத் திருப்பி விடும். இருமல் உள்ள ஒருவர் அங்கே இருந்தால், அவர் மூச்சுக்காற்றைத்தான் எல்லாரும் குளிராகச் சுவாசிக்கிறார்கள். பிள்ளைகள் வேர்க்காமல் படிக்கட்டும் என்று அன்போடு செய்த காரியம் அது, அதில் யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் குளோரோக்ஸ் வாங்கிய காசில் அந்தச் சன்னல்களைப் பழுதுபார்த்திருக்கலாம்.

கேண்டீன் அக்கா

"யார்?" என்ற கேள்விக்குப் பதில் இல்லாதபோது மக்கள் தாங்களே ஒரு பதிலைத் தேடிக்கொள்வார்கள். இங்கே கிடைத்தது கேண்டீனில் நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) கட்டும் ஓர் அக்கா. ஒல்லியான உடம்பு. அடிக்கடி இருமுவார். தனியாக இரண்டு பிள்ளைகளை வளர்ப்பவர், மக்கள் வீடமைப்புத் திட்ட அடுக்குமாடியில் வாடகைக்கு இருப்பவர். சனிக்கிழமையே அவருடைய படம் குழுவில் வந்துவிட்டது. யாரோ பிள்ளையின் பிறந்தநாளுக்கு எடுத்த படத்தில் பின்னால் நின்றுகொண்டிருந்தவரை வட்டம் போட்டுக் காட்டியிருந்தார்கள்.

அவர் இல்லை. இதை நான் தயக்கமில்லாமல் எழுதுவதற்கு அவரே அனுமதி தந்தார். அவருக்கு இருப்பது ஆஸ்துமா. சட்டைப் பையில் நீல நிற இன்ஹேலர் வைத்திருப்பார். மிளகாய் வதக்கும் புகையில் நின்றால் எவருக்கும் இருமல் வரும், அவருக்குக் கூடுதலாக வரும். திங்கட்கிழமை கேண்டீன் நடத்துபவர், கொஞ்ச நாள் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவருடைய மகளிடம் வகுப்பில் யாரும் பக்கத்தில் உட்காரவில்லை. கேண்டீனில் மீ கோரேங் வாங்க ஆளில்லை. பிள்ளைகள் வீட்டிலிருந்து ரொட்டி கொண்டுவந்தார்கள். தட்டில் பரவாத நோய்க்குப் பயந்து தட்டை ஒதுக்கினார்கள். காற்றில் பரவும் அறையில் சன்னல் மூடியே கிடந்தது.

ஒல்லி, ஏழை, இருமல். இந்த மூன்றும் சேர்ந்தால் டிபி என்று நம் சனங்கள் மனதில் ஒரு படம் இருக்கிறது. அதற்குக் காரணம் உண்டு. தோட்டத்து லயங்களில் சயரோகம் வந்தவரைத் தனிக் கூரையில் வைத்து, தட்டும் டம்ளரும் தனியாக ஒதுக்கிய நினைவு எங்கள் தலைமுறைக்கு இருக்கிறது. செராஸ் லேடி டெம்ப்ளர் மருத்துவமனைக்கோ, ஜாலான் பஹாங்கில் இருந்த தேசிய டிபி நிலையத்துக்கோ ஒருவர் போனால் மாதக்கணக்கில் திரும்ப மாட்டார். திரும்பினாலும் அந்த வீட்டில் பெண் எடுக்க யோசிப்பார்கள். கூட்டத்தில் மிகவும் பயந்தவர்கள் பாட்டிமார்கள்தான். அவர்கள் பயத்தை அறியாமை என்று தள்ளுவது பெரிய அநியாயம். அவர்கள் கண்ணால் பார்த்தவர்கள்.

ஆனால் இன்றைக்கு நிலைமை வேறு. சாதாரண வகை நுரையீரல் காசநோய்க்கு ஆறு மாத மாத்திரை. முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, அடுத்த நான்கு மாதம் இரண்டு மருந்து. மருந்துக்கு அடங்கும் கிருமியாக இருந்தால் சரியாகச் சாப்பிடத் தொடங்கி இரண்டு வாரத்தில் பரவும் தன்மை பெரிதும் குறைந்துவிடும். பெரும்பாலானோர் வீட்டிலிருந்தே கிளினிக்குக்கு வந்து தாதியின் முன்னால் மாத்திரையை விழுங்கிவிட்டுப் போகிறார்கள். நான் எத்தனையோ பேருக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்திருக்கிறேன். அவர்களில் வங்கி மேலாளர் உண்டு, லாரி ஓட்டுநர் உண்டு, பல்கலைக்கழக மாணவி உண்டு. 2022-இல் மட்டும் மலேசியாவில் 25,391 பேருக்குக் காசநோய் பதிவானது. 2,572 பேர் இறந்தார்கள். அதே ஆண்டு டிங்கியால் இறந்தவர்கள் 56 பேர். டிங்கிக்கு நாம் வாராவாரம் பயப்படுகிறோம். காசநோயை ஏழைகளின் நோய் என்று ஒதுக்கி வைத்திருக்கிறோம். இருமலோடு வேலைக்கு வந்துகொண்டே இருப்பவர்கள் பலர், இப்படிப் படத்தில் வட்டம் போடப்படுவோமோ என்று பயந்தே கிளினிக்குக்குப் போவதில்லை. அந்த அக்காவுக்குச் செய்தது அநியாயம் என்பதோடு, அடுத்த தொற்றைக் கண்டுபிடிப்பதையும் அது தாமதமாக்குகிறது.

வியாழக்கிழமைக் கூட்டம்

பெற்றோர் ஆசிரியர் சங்கம் நெருக்கியதால் வியாழன் இரவு மண்டபத்தில் கூட்டம் ஏற்பாடானது. சுகாதார அலுவலகத்திலிருந்து ஓர் இளம் மருத்துவர் வந்தார். மலாய்ப் பெண். தமிழ் தெரியாது, நான் பக்கத்தில் நின்று தமிழில் சொன்னேன். தொடங்கும்போது பெரும் இரைச்சல். ஒரு தந்தை எழுந்து, "டாக்டர், ஆள் யாருன்னு சொல்லுங்க, நாங்க போயிடறோம்" என்றார். கைதட்டல் எழுந்தது.

அந்த மருத்துவர் செய்ததைத்தான் இந்த முழு நிகழ்விலும் மிக நல்ல காரியமாக நினைக்கிறேன். யார் என்று சொல்ல மாட்டேன், சட்டப்படியும் மனசாட்சிப்படியும் முடியாது என்று முதலில் நேராகச் சொன்னார். உங்களுக்கு இந்த நோய் வந்தாலும் உங்கள் பெயரையும் சொல்ல மாட்டேன் என்றார். அப்புறம் திரையில் எந்த வகுப்பு, எந்த அறை, எந்த மாதத்திலிருந்து என்று போட்டார். இன்னின்ன நாளில் சோதனை ஊசி, இன்னின்ன நாளில் முடிவு பார்ப்பது என்று தேதியும் போட்டார். மண்டபம் அப்படியே அடங்கியது. பெற்றோர் தங்கள் பிள்ளையின் வகுப்பைத் தேடினார்கள். இருந்தவர்கள் முன்வரிசைக்கு வந்தார்கள். இல்லாதவர்களில் பலர் மெல்ல நாற்காலியில் சாய்ந்தார்கள். யார் என்ற கேள்வியை அதற்குப் பிறகு ஒருவர்கூடக் கேட்கவில்லை. ஆறு நாளாக அவர்கள் கேட்க விரும்பியது என் பிள்ளை அங்கே இருந்ததா என்பதைத்தான். அதற்கு வேறு வழி தெரியாமல்தான் ஆளைக் கேட்டார்கள்.

பட்டியலில் இல்லாத ஒரு தாய் கேட்டார்: "ஏன் ஆண்ட்டி, என் பையனுக்கும் டெஸ்ட் எடுத்தா என்ன குறைஞ்சிடும்? நாங்க வேணா காசு கட்றோம்." நியாயமான கேள்வி. குளத்தில் கல் போட்டால் அலை உள்வட்டத்திலிருந்து வெளிவட்டத்துக்குப் போகிறதே, அப்படித்தான் தேடுவோம் என்று மருத்துவர் விளக்கினார். முதலில் மிக நெருங்கியவர்கள்: வீட்டார், அந்த அறையில் நெடுநேரம் இருந்தவர்கள். அவர்களில் எதிர்பார்த்ததைவிட அதிகம் பேருக்குத் தொற்று தெரிந்தால் அடுத்த வட்டம். தெரியாவிட்டால் அங்கேயே நிற்கலாம். எல்லாருக்கும் எடுத்தால் தொற்றே இல்லாத பிள்ளைக்கும் ஊசி பொய்யாக வீங்கிக் காட்டலாம். பிறந்தபோது போட்ட பிசிஜி தடுப்பூசியாலும் அப்படி ஆகும். அந்தப் பிள்ளை தேவையில்லாமல் மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட வேண்டிவரும். அந்தத் தாய் இதை ஏற்றுக்கொண்டு உட்கார்ந்தார்.

பிசிஜி போட்டாகிவிட்டதே, பிறகு என்ன பயம் என்று கேட்டவர்களும் உண்டு. நம் நாட்டில் பிறந்த குழந்தைக்கு அந்த ஊசி போடுகிறார்கள். சிறு குழந்தைகளுக்கு மூளைக்கும் உடம்பு முழுக்கவும் பரவும் கொடிய வகைகளிலிருந்து அது நன்றாகக் காக்கிறது. நுரையீரல் வகையை முழுதாகத் தடுக்கும் என்று நம்பிவிட முடியாது.

அந்தக் கூட்டம் நடந்த இரவில்தான், வெள்ளிக்கிழமை மதியம் என்ன எழுதியிருக்கலாம் என்று சங்கத்தினரோடு உட்கார்ந்து எழுதினேன். அது இதுதான்:

"பெற்றோர்களுக்கு வணக்கம். நம் பள்ளியோடு தொடர்புடைய ஒருவருக்குக் காசநோய் உறுதியாகி, அவர் விடுப்பில் சிகிச்சை பெறுகிறார். மாணவர் எவருக்கும் நோய் இருப்பதாக இதுவரை தெரியவில்லை. இன்னின்ன வகுப்புப் பிள்ளைகள் அவரோடு நெடுநேரம் ஒரே அறையில் இருந்ததால் சுகாதார அலுவலகம் அவர்களைச் சோதிக்கும். தேதி கிடைத்ததும் அறிவிப்போம், மற்ற வகுப்புகளுக்கு இப்போது சோதனை தேவையில்லை. உங்கள் பிள்ளைக்கு இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், எடைக் குறைவு இருந்தால் காத்திராமல் கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள். அவர் யார் என்று கேட்காதீர்கள், ஊகித்தும் எழுதாதீர்கள்."

தமிழிலும் மலாயிலும் போக வேண்டும். இதில் கல்வி இலாகாவுக்கோ சுகாதார அலுவலகத்துக்கோ சங்கடம் தரும் வரி எதுவும் இல்லை என்று அந்த மருத்துவரும் சொன்னார்.

கையில் போட்ட ஊசி

அடுத்த திங்கட்கிழமை மாந்தூ சோதனை, அதாவது காசநோய்க் கிருமி தொற்றியிருக்கிறதா என்று பார்க்கும் ஊசி. முழங்கைக்குக் கீழே உள்பக்கம், தோலுக்குள் 0.1 மில்லிலிட்டர் திரவம் ஏற்றுவார்கள். சிறிய கொப்புளம் போல எழும்பிச் சற்று நேரத்தில் அடங்கிவிடும். 48 மணி முதல் 72 மணி நேரத்துக்குள் பார்க்க வேண்டும். இங்கே மூன்று சிக்கல் வந்தன.

சம்மதத் தாள் மலாயில் மட்டும் இருந்தது. தாத்தா பாட்டி வளர்க்கும் பிள்ளைகள் பலர். ஊசி என்ற சொல்லைப் பார்த்ததும் தடுப்பூசி என்று நினைத்துச் சில வீடுகளில் மறுத்துவிட்டார்கள். உயிருள்ள டிபி கிருமியை ஏற்றுகிறார்கள் என்று ஒரு குரல்பதிவும் சுற்றியது. அந்தத் திரவத்தில் உயிருள்ள கிருமி கிடையாது. கொல்லப்பட்ட கிருமியிலிருந்து எடுத்த புரதம் மட்டும்தான். அதனால் நோய் வரவே வராது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் நானும் சங்கத்தின் செயலாளரும் வீடு வீடாகப் போய்த் தாளை வாசித்துக் காட்டினோம். ஒரு பாட்டி முழுவதையும் கேட்டுவிட்டு, "இதை மொதல்லயே சொல்றதுக்கென்னம்மா" என்று கையெழுத்துப் போட்டார்.

அப்புறம், ஊசி போட்ட கைகளின் படங்கள். செவ்வாய்க்கிழமை இரவு குழுவில் சிவந்த கைகளாகவே வந்துகொண்டிருந்தன. என் மகளுக்கு வந்துவிட்டது என்று ஒரு தகப்பன் அழுதே பேசினார். சிவப்பைக் கணக்கில் எடுப்பதே இல்லை. தோலுக்கடியில் தடித்திருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். புதன்கிழமை நான் பெற்றோரைப் பக்கத்தில் நிறுத்தி அதைப் பார்க்கச் சொன்னேன். தாதி ஒரு பால்பாயின்ட் பேனாவை எடுத்து, சிவப்புக்கு வெளியிலிருந்து நடுவை நோக்கி மெல்ல இழுப்பார். தடிப்பு தொடங்கும் இடத்தில் பேனா முனை தட்டி நிற்கும். அங்கே ஒரு கோடு. எதிர்ப்பக்கத்திலிருந்தும் அப்படியே ஒரு கோடு. இரண்டுக்கும் இடையே அளவுகோலை வைத்து மில்லிமீட்டரில் எழுதுவார். பத்து மில்லிமீட்டரும் அதற்கு மேலும் இருந்தால்தான் அடுத்த கட்டம். அழுத தகப்பனின் மகள் கையில் பெரிய சிவப்பு வட்டம் இருந்தது. பேனா எங்கும் நிற்காமல் அப்பக்கம் போய்விட்டது.

மூன்றாவது சிக்கல், புதன்கிழமையும் வியாழக்கிழமையும் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாத பெற்றோர். நேரம் கடந்துவிட்டால் முடிவு செல்லாது. அவர்களை கிளினிக்குக்கு வரவழைத்து மறுபடி போட வேண்டியதாயிற்று.

அதன் பிறகு

விரல்விட்டு எண்ணக்கூடிய சில பிள்ளைகளுக்குத் தடிப்பு பத்து மில்லிமீட்டரைத் தாண்டியது. அவர்கள் எல்லாருக்கும் நெஞ்சு எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். எல்லாம் தெளிவாக இருந்தன. அதாவது கிருமி உடம்புக்குள் போயிருக்கலாம், ஆனால் உறங்குகிறது, நோய் இல்லை. அந்த நிலையில் இருக்கும் பிள்ளை எவருக்கும் பரப்பாது. தொற்று ஏற்பட்டவர்களில் வாழ்நாளில் ஐந்து முதல் பத்து விழுக்காட்டினருக்குத்தான் நோயாக மாறும். அதையும் குறைக்கத் தடுப்பு மாத்திரை உண்டு. மருந்தைப் பொறுத்து மூன்று மாதமோ ஆறு மாதமோ. ஒரு தாய் முதல் வாரமே பதறிப்போய்க் கூப்பிட்டார்: "ஆண்ட்டி, ஒன்னுக்கு ஆரஞ்சு கலர்ல போகுது!" ரிஃபாம்பிசின் என்ற மருந்து அப்படித்தான் நிறம் மாற்றும், பயப்பட ஒன்றுமில்லை. கிளினிக்கில் மாத்திரை கொடுக்கும்போதே சொல்லியிருக்க வேண்டிய சங்கதி. சொல்லாமல் விட்டால் பாதியில் நிறுத்திவிடுவார்கள்.

கிருமி நுழைந்து எட்டு முதல் பத்து வாரம் வரை ஊசி காட்டாமல் இருக்கலாம் என்பதால், முதல் தடவை தடிப்பு வராத பிள்ளைகளுக்கு இரண்டாவது சோதனையும் உண்டு. இந்த முறை தேதி முன்கூட்டியே தமிழில் போயிற்று. சம்மதத் தாள் எல்லாமே திரும்பி வந்தன. குழுவில் ஒரு கைப் படம்கூட வரவில்லை. பெற்றோர் அதே பெற்றோர், பள்ளி அதே பள்ளி. புதிதாகத் தொற்று தெரியவில்லை. வெளிவட்டத்துக்குப் போக வேண்டிய தேவையும் வரவில்லை.

நோயுற்றவர் ஆறு மாத சிகிச்சையை முடித்துவிட்டார். நலமாக இருக்கிறார். மாலை வகுப்பு அறையின் சன்னல் பட்டைகளைப் புதிதாகப் போட்டாயிற்று. மின்விசிறி நான்கு மாட்டினார்கள். குளிர்சாதனம் இருக்கிறது, சன்னலை மூடிவிட்டு அதைப் போடுவதில்லை.

கேண்டீன் அக்காவை இன்னும் திரும்ப எடுக்கவில்லை. கேண்டீன் நடத்துபவர், பெற்றோர் ஏற்றுக்கொள்வார்களோ என்று இழுக்கிறார். படத்தில் வட்டம் போட்டவர் அதை அழித்தாரே தவிர மன்னிப்புக் கேட்கவில்லை. பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் இரண்டு தீர்மானங்கள் கொடுத்திருக்கிறேன். மேலே உள்ள கடித மாதிரியைப் பள்ளி அலுவலகத்தில் இரு மொழியிலும் தயாராக வைத்திருக்க வேண்டும் என்பது ஒன்று. அந்த அக்காவுக்கு நோய் இல்லை என்று சங்கத்தின் பெயரில் எல்லாப் பெற்றோருக்கும் எழுத்தில் தெரிவித்து, அவர் இழந்த சம்பளத்துக்குச் சங்க நிதியிலிருந்து ஈடு கொடுக்க வேண்டும் என்பது மற்றொன்று. முதலாவது நிறைவேறிவிட்டது. இரண்டாவது அடுத்த செயலவைக் கூட்டத்துக்குத் தள்ளிப்போயிருக்கிறது. அங்கேயும் நான் போய்ப் பேசுவேன்.